லயத்து இஸ்தோப்பில் வெடி போடலாமா?

"அக்கா, நாங்கள் இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். பன்னிரண்டு காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடுகள், வரிசையாக ஒட்டியிருக்கிற லயம், எங்களுடையது நடுவில். மகனுக்கு நாலு வயது, வீசிங் இருக்கிறது. போன தீபாவளிக்குப் பக்கத்துக் காம்பரா அண்ணன் தம்பி இரண்டு பேரும் கொழும்பிலிருந்து பெட்டி பெட்டியாக வெடி கொண்டுவந்து விடியக் காலை நாலு மணிக்கே இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், வைத்துப் போட்டார்கள். ஏழு மணிக்கு மகனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இந்த வருஷம், தனியாட்கள் வெடி போடுவதையே தடை செய்யச் சொல்லி தோட்டத்து மனேஜர் துரைக்கும் பிரதேச சபைக்கும் மனு கொடுக்கப் போகிறேன். கையெழுத்து வாங்கத் தொடங்கியதும் வீட்டுக்காரர், 'வருஷத்துக்கு ஒரு நாள் சந்தோஷம், அதையும் கெடுக்கப் பார்க்கிறியா' என்று ஒரே சண்டை. நான் செய்வது தப்பா? உண்மையில் இதைத் தடை செய்யத்தான் வேண்டுமா? பெயர் போட வேண்டாம்."

தங்கச்சி, நீங்கள் செய்வது தப்பில்லை. ஆனால் அந்த மனுவை என்னிடம் கொண்டுவந்து நீட்டினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இது இரண்டும் எப்படி ஒத்துவரும் என்று கோபப்படாமல் கொஞ்சம் கேளுங்கள்.

எனக்கும் வெடி பிடிக்கும். மறைக்க ஒன்றுமில்லை. 1996 மார்ச்சில் லாகூரில் நம் இலங்கைக் கிரிக்கெட் அணி உலகக் கிண்ணத்தைத் தூக்கிய இரவு, எங்கள் அண்ணன் தீபாவளிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த சீன வெடிக் கட்டைப் பரணிலிருந்து இறக்கினான். நாலு மாதத்துக்கு மேல் மலைநாட்டு ஈரத்தில் கிடந்த வெடி எப்படி இருக்கும்? திரி பற்றியது, புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இவன் விடுவானா, குனிந்து ஊதிப் பார்த்தான். இரண்டு புருவமும் போய்விட்டது. கண்ணுக்கு ஒன்றும் ஆகாதது எங்கள் மாரியாத்தா புண்ணியம். இன்றைக்கும் குடும்பத்தில் கல்யாணம் காட்சி என்றால் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறோம், ஆனால் இரண்டு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் அதைச் சொல்லிச் சிரிக்க முடியாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்து ஈரத்தில் நமுத்துப்போகிற வெடிகள் அதிகம். கை போவதும் கண் போவதும் பல நேரம், வெடிக்காத வெடியை ஏன் வெடிக்கவில்லை என்று கிட்டப் போய்ப் பார்க்கிறபோதுதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தனியாட்கள் வெடி போடுவதை முழுசாகத் தடை செய்த நாடுகள் இருக்கின்றன. சிங்கப்பூரை எடுங்கள். 1970ல் சீனப் புதுவருஷத்தின்போது வெடியால் ஆறு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு இத்தனை மணிக்குள், இந்தந்த இடத்தில்தான் என்று கட்டுப்பாடு போட்டுப் பார்த்தார்கள், சனம் கேட்கவில்லை. தடுக்கப் போன இரண்டு பொலிஸ்காரரையே அடித்தார்கள். 1972ல் ஒரேயடியாகத் தடை. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அங்கே உள்ள தமிழர் தீபாவளியை விட்டுவிட்டார்களா? லிட்டில் இந்தியா முழுக்க விளக்குப் போட்டு, புதுச் சட்டை, பலகாரம் என்று நம்மைவிடக் கோலாகலமாகத்தான் கொண்டாடுகிறார்கள். ஆக, வெடி இல்லாவிட்டால் தீபாவளியே இல்லை என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னால் அது சும்மா பேச்சு.

இன்னொரு வழியும் இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் வட பிராந்தியத்தில் வருஷத்தில் ஒரே நாள், ஜூலை 1, மாலை 6 மணியிலிருந்து இரவு 11 மணி வரை சனங்கள் தாங்களே வாங்கிக் கொளுத்தலாம். உங்கள் வீட்டுக்காரர் கேட்கிற அந்த 'வருஷத்துக்கு ஒரு நாள்' அதுதான். தமிழ்நாட்டில் 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு தீபாவளி அன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்தார்கள். டிவியில் பார்க்கிறோமே, யார் அங்கே மணிக்கூட்டைப் பார்த்துத் திரி பற்றவைக்கிறார்கள்? நேரம் குறிப்பது சுலபம், விடியக் காலை நாலு மணிக்கு லயத்துக்கு வந்து நின்று அதைக் கண்காணிக்கிறவன்தான் இல்லை.

நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டம் இருக்கிறது, வெடி செய்யவும் விற்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைக் கடுமையாக்க வேண்டுமா என்று என்னைக் கேட்டால், ஆமாம் என்பேன். வானத்தில் போய் எங்கே விழும் என்று விட்டவனுக்கே தெரியாத ராக்கெட்டையும், காது அடைக்கிற பெரிய வெடியையும் தனியாட்கள் கையில் விற்கக் கூடாது. அவற்றைக் கோயில் திருவிழாவில், பழக்கப்பட்டவர் வைத்து, சனத்தைத் தள்ளி நிற்கச் சொல்லி விடட்டும். மத்தாப்பும் தரைச் சக்கரமும் பூச்சட்டியும் பிள்ளைகளுக்கு இருக்கட்டும். என் அபிப்பிராயம் அவ்வளவுதான், முழுத் தடை வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? தடை என்று ஒன்று வந்தால் அது நம் மலையில் யார் தலையில் விழும் என்று யோசியுங்கள். டிசம்பர் 31 இரவு நுவரெலியாவில் ஹோட்டல்காரர் விடுகிற வாணத்தை யாராவது நிறுத்துவார்களா? சித்திரைப் புதுவருஷத்துக்குச் சுபநேரம் பார்த்து ஊர் முழுக்க ரதிஞ்ஞா என்கிற பட்டாசு கொளுத்துவார்களே, எலெக்ஷனில் வென்றவன் ஊர்வலம் போவானே, அங்கேயெல்லாம் சட்டம் கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். லயத்துக்கு மட்டும் ஓடி வரும். அதுவும் நீங்கள் மனுவைத் துரைக்குக் கொடுக்கப் போகிறீர்கள்! தோட்டத்தில் எதைச் செய்யலாம் எதைச் செய்யக் கூடாது என்று நம் வாயாலேயே அவரிடம் கேட்டுப் பழக்கினால், நாளைக்கு மாசியில் நாம் ஆடுகிற காமன் கூத்துக்கும் ஆபிஸ் வாசலில் கைகட்டி நிற்க வேண்டி வரும். நம் பாட்டன் பூட்டன் அதற்கெல்லாம் போதுமான அளவு நின்றுவிட்டார்கள்.

ஆனால் தங்கச்சி, இங்கேதான் உங்கள் வீட்டுக்காரரும் அந்த அண்ணன் தம்பியும் கேட்க வேண்டிய விஷயம் இருக்கிறது. 'என் காசு, என் வெடி, என் வாசல்' என்று அவர்கள் சொல்வார்கள். கொழும்பில் மதில் கட்டிய வீட்டுக்காரன் அப்படிச் சொன்னால் அரைவாசியாவது நியாயம் இருக்கும். லயத்தில் எது அவன் வாசல்? 10க்கு 12 அடி காம்பரா, இடையில் ஒரு சுவர், மேலே பன்னிரண்டு வீட்டுக்கும் ஓடுகிற ஒரே தகரக் கூரை. அந்தக் கோடியில் ஒருவர் இருமினால் இந்தக் கோடியில் கேட்கும். இஸ்தோப்பு என்பது பெயருக்குத்தான் அவனுடையது, அவன் போடுகிற வெடி பன்னிரண்டு வீட்டு வெடி. பரணில் விறகு, கீழே மண்ணெண்ணெய்ப் போத்தல், கொடியில் நைலோன் சேலை. ஒரு காம்பராவில் பிடித்த தீ முழு லயத்தையும் சுருட்டிக்கொண்டு போன கதை நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? நகரத்திலிருந்து தீயணைப்பு வண்டி அந்த ரோட்டில் ஏறி வந்து சேருவதற்குள் சாம்பல்தான் மிஞ்சும். உடுத்த துணியோடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்திலோ கோயில் மண்டபத்திலோ படுத்துக் கிடக்க வேண்டியதுதான்.

புகையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகனுக்கு வில்லன் அதுதான். நம் தோட்டங்கள் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. விடியக் காலையில் குளிர்காற்று பாரமாகக் கீழே இறங்கி அப்படியே படுத்துவிடும், பனிமூட்டம் நிற்பதைப் பார்க்கிறீர்களே, அதேபோல் புகையும் போக வழியில்லாமல் நிற்கும். கொழும்பில் கடற்காற்று அடித்துக்கொண்டு போகிற புகை இங்கே லயத்துக்கும் தேயிலைக்கும் நடுவில் மணிக்கணக்கில் கிடக்கும். அதில் கந்தகம் இருக்கிறது, வீசிங் உள்ள பிள்ளைக்கு அதுவே போதும். நாலு மணிக்கு வெடி, ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி என்று நீங்கள் எழுதியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அப்புறம் நமக்கென்றே சில தொல்லைகள் இருக்கின்றன. டர்பன்டைன் மரத்துக்குள் ராக்கெட் போய் விழுந்து குளவிக்கூடு கலைந்தால், மறுநாள் அந்த மலையில் கொழுந்து எடுக்கப் போவது யார்? குளவி கொட்டிச் செத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். சத்தத்துக்குப் பயந்து தேயிலைக்குள் ஓடுகிற நாய் சிறுத்தைக்குத் தீபாவளி விருந்து. இன்னொன்று, இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எங்கள் பெரியப்பா ஒருவர் 1977ல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறி, 2009ல் யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்தவர். தீபாவளி விடியும்போதே ஒரு ஃபிளாஸ்கில் தேத்தண்ணீரை ஊற்றிக்கொண்டு மலை உச்சிக்கு ஏறிப் போய்விடுவார். சத்தம் அடங்கிய பிறகுதான் இறங்குவார். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. உங்கள் லயத்திலும் அப்படி ஒருவர் இருக்கலாம், அவர் மனுவெல்லாம் எழுத மாட்டார்.

வீட்டுக்காரர் விஷயம். அவரை வில்லனாக்காதீர்கள். தீபாவளி முற்பணம் கைக்கு வருகிற அந்த ஒரு கிழமைதான் தோட்டத்தில் ஒரு ஆம்பிளை தன் பிள்ளைக்கு எதையாவது யோசிக்காமல் வாங்கிக் கொடுக்கிற கிழமை (மிச்ச மாதங்களில் அதைக் கழித்துக்கொண்டே இருப்பார்கள், அது வேறு). அந்தப் பையன்கள் இரண்டு பேரும் வருஷம் முழுக்கக் கொழும்பில் கடையில் நின்றுவிட்டு வருகிறவர்கள், நான் வந்துவிட்டேன் என்று ஊருக்குச் சொல்கிற சத்தம் அது. இதைப் புரிந்துகொண்டு பேசினால் பாதி வேலை முடியும். 'தடை' என்ற வார்த்தையை எடுத்த உடனே எல்லாருக்கும் முறைப்பு வந்துவிடும். அதனால் அந்த வார்த்தையை மடித்து வையுங்கள். 'இடம்' என்று பேசுங்கள்.

மனுவைத் தூக்கிப் போட்டுவிட்டு, முற்பணம் கொடுக்கும் முன்பே, அதாவது காசு வெடியாக மாறும் முன்பே, உங்கள் லயத்துப் பெண்கள் நாலு பேரைத் தண்ணீர் எடுக்கிற பீலிக்கரையில் பிடியுங்கள். கைக்குழந்தை வைத்திருக்கிறவள், தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோரில் இராவேலை செய்துவிட்டு வந்து படுக்கிறவரின் மனைவி, நாய் வளர்க்கிற வீடு, இப்படி ஆட்கள் தானாகச் சேருவார்கள். தோட்டத் தலைவரையும் கோயில் கமிட்டியையும் கூப்பிட்டு ஒரே ஒரு விஷயம் முடிவு செய்யுங்கள். லயத்து இஸ்தோப்பிலும் கூரைக்குக் கிட்டவும் வெடி இல்லை, விளையாட்டு மைதானத்தில் ராத்திரி பத்து மணி வரை எல்லாரும் சேர்ந்து போடலாம், ராக்கெட் கிடையாது. ஒரு பீப்பாய் தண்ணீர், இரண்டு வாளி மணல். அந்த அண்ணன் தம்பியையே அதற்குப் பொறுப்பாக்கி விடுங்கள், நம்புங்கள், பொறுப்புக் கொடுத்தால் அவர்கள்தான் மற்றவனை அதட்டுவார்கள். 2007ல் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று நம் உயர் நீதிமன்றம் சொன்னபோது, எங்கள் தோட்டத்தில் 'இனி திருவிழாவே இல்லை' என்று ஒரு பாட்டம் அழுதார்கள். திருவிழா அது பாட்டுக்கு நடக்கிறது. பாட்டைப் பத்து மணிக்கு நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, விடியக் காலை மறுபடி இஸ்தோப்பில் போட்டார்கள் என்றால்? அப்போது பொலிசுக்குப் போங்கள், தாராளமாக. கூட்டத்தில் முடிவெடுத்த பிறகு போகிறவருக்குப் பின்னால் பத்து வீடு நிற்கும். இப்போது போனால் நீங்கள் ஒரு ஆள்தான், அதுவும் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் வருஷம் முழுக்க வாழ வேண்டிய ஆள்.

மத்தாப்பு சின்னப் பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கம்பி மத்தாப்பின் முனை ஆயிரம் பாகை செல்சியசைத் தொடும், கொதிக்கிற தேத்தண்ணீர் நூறுதான். பருத்திச் சட்டை, காலில் செருப்பு, எரிந்த கம்பியைத் தண்ணீர் வாளிக்குள். சுட்டுவிட்டால் பற்பசை, வெண்ணெய், கோழிமுட்டை ஒன்றும் வேண்டாம், இருபது நிமிஷம் பீலித் தண்ணீரில் பிடியுங்கள், பெரிசாக இருந்தால் 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு எடுங்கள், அதற்குக் காசில்லை.

உங்கள் மகனைத் தீபாவளிக்கு முதல் நாளே, லயத்தைவிட உயரத்தில் யாராவது சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே கொண்டுபோய் விடுங்கள். அவனுடைய வீசிங் பம்பில் இன்னும் எத்தனை தடவை மருந்து மிச்சம் இருக்கிறது என்று இந்தக் கிழமையே பாருங்கள். லீவு நாளில் தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டியிருக்கும், ஆட்டோக்காரனும் அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வருவான்.