பால் பல் சொத்தை பரம்பரையால் வருகிறதா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. மேல் முன்பற்கள் நான்கும் கறுத்துக் கரைந்துவிட்டன. கீழ் முன்பற்கள் நன்றாக இருக்கின்றன. கணவருக்கும் மாமனாருக்கும் இளவயதிலேயே சொத்தை வந்ததால், "இது நம் குடும்ப வாகு, பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்கிறார் மாமியார். இரவில் சர்க்கரை போட்ட பால் புட்டி இல்லாமல் அவன் உறங்குவதில்லை. என்ன செய்வது?

பதில்: மேல் முன்பற்கள் மட்டும் கெட்டுக் கீழ்ப்பற்கள் தப்பியிருப்பது, பரம்பரையைவிடப் பால் புட்டியையே சுட்டுகிறது. பல்லின் கடினமான மேலுறையான எனாமலில் மரபுவழிக் குறை இருந்தால் அது பெரும்பாலும் எல்லாப் பற்களிலும் தெரியும். புட்டியோடு உறங்கும் குழந்தையின் வாயில் இனிப்புப் பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்குகிறது. கீழ் முன்பற்களையோ நாக்கு மூடிக் காக்கிறது, நாக்கின் அடியில் சுரக்கும் உமிழ்நீரும் கழுவுகிறது. உறக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைவதால், கிருமிகள் சர்க்கரையிலிருந்து உண்டாக்கும் அமிலம் நெடுநேரம் பல்லை அரிக்கிறது.

பற்களின் நெருக்கம், எனாமலின் தன்மை ஆகியவற்றில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது உண்மையே. ஆனாலும் தாத்தா, அப்பா, பேரன் மூவருக்கும் சொத்தை வந்தால், நான் முதலில் விசாரிப்பது அந்த வீட்டின் பழக்கங்களைத்தான். சொத்தைக்கு முக்கியக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற கிருமி, பெரியவர்கள் வாயில் வைத்துச் சூடு பார்த்த கரண்டியாலேயே ஊட்டும்போது குழந்தைக்கு வந்துவிடக்கூடும். அன்பினால் செய்வதுதான், யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்களும் தங்கள் சொத்தைப் பற்களுக்குச் சிகிச்சை பெற்றுக்கொள்வது பேரனுக்கும் நல்லது. இனிப்பின் அளவைப் போலவே, எத்தனை முறை என்பதும் முக்கியம்: பிஸ்கட்டும் ரஸ்க்கும் நாள் முழுதும் கொறிக்கும் பிள்ளையின் பற்களுக்கு அமிலத்திலிருந்து மீள அவகாசமே கிடைப்பதில்லை.

விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடாதீர்கள். பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. சொத்தை அவற்றுக்கும் பரவி, முன்னதாகவே எடுக்க நேர்ந்தால், நிலைப்பற்களுக்கு இடம் குறையும். வேரில் சீழ் கட்டினால் அடியில் உருவாகும் நிலைப்பல்லும் பாதிக்கப்படலாம்.

புட்டியில் முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். பிறகு பாலில் படிப்படியாக நீரைக் கூட்டி, இறுதியில் வெறும் நீர் மட்டும் கொடுத்துப் புட்டியையே விட்டுவிடுங்கள். உறங்கும் முன்பும் காலையிலும், 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃப்ளோரைடு என்ற, சொத்தையைத் தடுக்கும் தாது உள்ள பற்பசையைப் பட்டாணி அளவே எடுத்து, ஏழு எட்டு வயது வரை நீங்களே துலக்கிவிடுங்கள். தருமபுரி போன்ற, நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த பகுதியில் வசித்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். இந்த வாரமே குழந்தைகள் பல் மருத்துவரைப் பாருங்கள். முகவீக்கமோ காய்ச்சலோ இருந்தால் இன்றே செல்லுங்கள்.