முந்திரிக்கொத்தும் பீரங்கியும்

அன்புள்ள சார்,

கல்லூரி ஆண்டுமலருக்கு விளையாட்டாக ஒரு கட்டுரை எழுதினேன், இணைத்திருக்கிறேன். சுருக்கம் இதுதான். 1741-ல் குளச்சலில் டச்சுப்படை வந்து இறங்குகிறது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் பீரங்கிகளுக்குக் குண்டு தீர்ந்துவிடுகிறது. பேத்தி கல்யாணத்துக்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் சுட்டு வைத்திருந்த ஓர் ஆச்சி அதைப் பானையோடு தூக்கிவந்து, "முந்தி இதை எறி மக்கா" என்கிறாள். அடி தாங்காமல் டச்சுப்படைத் தளபதி டிலனாய் சரணடைகிறார். 'முந்தி எறி' மருவி முந்திரி ஆனது, மூன்று மூன்றாகப் பறந்ததால் கொத்து ஆனது என்று முடித்திருந்தேன்.

சித்தப்பா இதை நிஜம் என்று நினைத்து ஒரு நிச்சயதார்த்த வீட்டில் சத்தமாக வாசித்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை, எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குக் கஷ்டமாகிவிட்டது. அப்புறம், முந்திரிப்பருப்பே சேர்க்காத பலகாரத்துக்கு ஏன் சார் அந்தப் பெயர்?

எஸ், தக்கலை

அன்புள்ள எஸ்,

கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன், இரண்டு தடவையும் சிரித்தேன். அந்த ஆச்சியின் குரல் அப்படியே நம் ஊர்க் குரல். நிச்சயதார்த்த வீடு நம்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை. குளச்சல் போர் நடந்தது, டிலனாய் பிடிபட்டதும் உண்மை. அதே மனிதர் பிற்பாடு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்துத் தளபதியாகி, 1777-ல் இறந்து, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். அந்தக் கல்லறையைப் பார்த்தவர்கள் நீங்கள் சொன்ன மீதியையும் நம்பத்தான் செய்வார்கள். சித்தப்பாவிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், போதும்.

பெயருக்கு வருகிறேன். முந்திரி என்றால் பழைய தமிழில் திராட்சை. முந்திரிகை, கொடிமுந்திரி என்றெல்லாம் அகராதிகளில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இன்றும் முந்திரிகை என்று திராட்சையைத்தான் சொல்கிறார்கள், முந்திரிப்பருப்புக் காய்க்கும் மரம் அவர்களுக்கு மரமுந்திரிகை. மலையாளத்திலும் முந்திரி என்றால் திராட்சைதான். யோவான் 15-ல் தமிழ் பைபிள் திராட்சச்செடி என்று சொல்லும் இடத்தில் மலையாள பைபிளில் முந்திரிவள்ளி. குமரி மாவட்டத்துக்காரர்களான நாம் 1956 நவம்பர் 1 வரை அந்த மலையாளப் பக்கத்தோடு இருந்தவர்கள், அந்தச் சொல் நமக்கு அந்நியமில்லை.

சரி, பருப்பு காய்க்கும் மரம்? அது பிரேசில் மரம். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. நம் பக்கத்துப் பேச்சில் அது கொல்லாமரம், பழம் கொல்லாம்பழம், கொட்டை அண்டி. அந்தக் கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலைக்கு அண்டி ஆபீஸ் என்றுதான் பெயர்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் அண்டி ஆபீஸில் வேலை பார்த்தார். தோட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டுப்பட்டு அவர் விரல்நுனிகள் கறுத்தே இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அதே விரல்களால் முந்திரிக்கொத்து உருட்டுவார். அதில் ஒரு பருப்புகூட இருக்காது. போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அவர் வாயில் அது அண்டி, இது முந்திரிக்கொத்து. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

கொத்து எப்படி வருகிறது என்பதையும் அவர் அடுக்களையில்தான் பார்த்தேன். சிறுபயறைச் சிறுதீயில் சிவக்க வறுத்துக் கொஞ்சம் கொரகொரப்பாகத் திரிப்பார். தேங்காய்த் துருவலை ஈரம் போக வறுத்துச் சேர்ப்பார், ஈரம் இருந்தால் நாலே நாளில் சிக்குவாடை வந்துவிடும். எள்ளு, ஏலம், சுக்கு. சர்க்கரைப் பாகை (நம் ஊர்ச் சர்க்கரை, அதாவது வெல்லம், சீனி இல்லை) சூட்டோடு ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டிவிட வேண்டும், ஆறினால் உதிரும். மறுநாள் காலையில் மஞ்சள் போட்ட பச்சரிசி மாவுக் கரைசல். மூன்று விரல்களுக்கு நடுவில் மூன்று உருண்டைகளைச் சேர்த்து எடுத்து, ஒரே முக்கு, தேங்காயெண்ணெயில் ஒரே விடு. விழுந்த வேகத்தில் மாவு மூன்றையும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் நீண்டு பொரிந்த மாவுச் சிறகுகளை எங்களுக்குக் கிள்ளித் தருவார். தட்டில் வைத்துப் பாருங்கள், திராட்சைக் குலையின் நுனியைக் கிள்ளி வைத்த மாதிரியே இருக்கும். பெயர் வைத்தவர்கள் கண்ணால் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு சண்டை. பீரங்கிக் குண்டு! கல்லாகக் கிடந்தால் அது பாகு முற்றிப்போனதால் வந்தது, பலகாரத்தின் குணம் அப்படியில்லை. நல்ல முந்திரிக்கொத்தில் மேல்தோல் மொறுமொறுவென்று உடையும், உள்ளே பொலபொலவென்று உதிரும். உங்கள் ஆச்சி சுட்டதை எறிந்திருந்தால் குளச்சல் மணலில் பயற்றுப்பொடிதான் சிந்தியிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் பயற்றம் பணியாரம் என்று ஒன்று உண்டு. வறுத்த பயற்றமா, தேங்காய், பாகு, மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பது. நம்முடையதற்குக் கூடப்பிறந்தது என்றே சொல்லலாம். முந்திரிகை என்று திராட்சையைச் சொல்லும் ஊரிலேயே இதுவும் இருப்பது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன வருஷம் ஒரு கடையில் முந்திரிக்கொத்து வாங்கினேன். உள்ளே உடைத்த முந்திரிப்பருப்பு. கேட்டதற்கு, பெயர் முந்திரிக்கொத்து, பருப்பு இல்லையே என்று ஆட்கள் கேட்கிறார்கள், அதனால் போடுகிறோம் என்றார்கள். பயறு பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. உங்கள் பீரங்கியை ஒரு வார்த்தையில் திருத்திவிடலாம். இப்படிச் சட்டிக்குள் நுழைந்துவிட்ட பிழையை எப்படி எடுப்பது?

அடுத்த மலருக்கும் எழுதுங்கள். உங்கள் வீட்டில் முந்திரிக்கொத்து சுடுகிறவர் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, பயறுக்கு எவ்வளவு சர்க்கரை, பாகுப் பதத்தை எப்படிப் பார்க்கிறார், மூன்று உருண்டைகளை எந்த விரல்களால் பிடிக்கிறார் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்