ஆண்டு விழாக் கடை வசூல்: பணம் யார் கையில்?

அயோத்தியாப்பட்டணம் பக்கம் அரசுத் தொடக்கப்பள்ளி, ஆண்டு விழாவில் பெற்றோர் கடை போட்டுப் புத்தக அலமாரிக்குப் பணம் சேர்க்கிறீர்கள், பணத்தை யார் வைத்துக்கொள்வது என்று இப்போதே சண்டை. இதுதானே பிரச்சினை?

யார் கையிலும் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் எழுதி, தலைமை ஆசிரியரிடம் சொல்லி, குழுவின் வங்கிக் கணக்கில் போடுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

பஜ்ஜிக் கடை மட்டும் வேண்டாமே. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடுவார்கள். நம்ம சேலத்துத் தட்டுவடை செட் இருக்கிறதே! தட்டுவடையைக் கடையில் வாங்கி, கேரட், பீட்ரூட் துருவி, சட்னியை வீட்டில் அரைத்து வந்தால் அடுப்பே தேவையில்லை. சட்னியைக் காலையில் அரைக்கச் சொல்லுங்கள், முந்தின இரவு அரைத்தால் புளித்துவிடும். அப்புறம், கடையில் காசு வாங்காமல் ஒரே மேசையில் டோக்கன் விற்றால் கணக்கும் சுலபம்.