சாவி உங்களிடம், ஆர்.சி. யார் பேரில்?

கேள்வி: ஐயா, நான் காரிமங்கலம் பக்கம். மேக்ஸி கேபாக (வாடகை வேனாக) ஓடிய பழைய 12 சீட் டெம்போ டிராவலர் ஒன்றை 2.40 லட்சத்துக்கு வாங்கினேன். குடும்பத்தோடு போய் வண்டியிலேயே தங்கிவர ஆசை. குறைந்த செலவில் கேம்பர் வேனாக மாற்றித் தரச் சொல்லி கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பட்டறையில் விட்டேன். சீட்டுகளைக் கழற்றி மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு மேடை, இன்வெர்ட்டர், கூரையில் காற்றுப்போக ஒரு திறப்பு என எல்லாம் சேர்த்து 1.80 லட்சம் என்று வாய்ப்பேச்சு. 1.30 லட்சம் ஜிபேயில் கொடுத்துவிட்டேன். தண்ணீர் தாங்கும் மரைன் பிளை போடுவதாகச் சொல்லிவிட்டு கமர்ஷியல் பிளை போட்டிருக்கிறார். ஒரு மழைக்கே ஓரமெல்லாம் ஊதிவிட்டது. கேட்டால் இன்னும் 85,000 வைத்தால்தான் வண்டி என்கிறார். சொந்தக்காரர் சொல்லி நம்பிப் போன இடம், மனசு வெந்துபோய்விட்டது. ஸ்டேஷனுக்குப் போனால் பாதி நாள் உட்காரவைத்து, சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். என்னிடம் இன்னொரு சாவி இருக்கிறது. ராத்திரி போய் எடுத்து வந்துவிடலாம் என்கிறார் மச்சான். ஒகேனக்கல் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் யோசனையும் உண்டு. நுகர்வோர் கோர்ட்டில் போட்டால் ஜெயிக்குமா? ஆர்.சி. (பதிவுப் புத்தகம்) மட்டும் இன்னும் பழைய ஓனர் பேரில் இருக்கிறது, கையெழுத்துப் போட்ட படிவங்கள் என்னிடம் உள்ளன.

பதில்: சொந்தக்காரர் கைவிட்டதும் ஸ்டேஷனில் உட்காரவைத்ததும் வருத்தம்தான். ஆனால் எந்த நீதிமன்றமும் அதைக் கேட்கப்போவதில்லை. கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஆர்.சி., அதுதான் உங்கள் வழக்கு. அந்தப் புத்தகம் வேறொருவர் பெயரைச் சொல்கிறது, மேக்ஸி கேப் என்கிறது, 12 சீட் என்கிறது. பட்டறையில் நிற்பது சீட்டே இல்லாத, கூரை அறுத்த, அடுப்பு வைத்த வண்டி. இந்த இடைவெளி இருக்கும்வரை நீங்கள் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் உங்கள் மேலேயே திரும்பும்.

முதலில் சாவி. மச்சானின் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். என் வண்டியை நான் எடுத்தால் திருட்டா என்று என் அறையில் உட்கார்ந்து கேட்டவர்கள் பலர். ஆமாம், திருட்டாகலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170: உழைப்பைப் போட்டு ஒரு பொருளில் வேலை செய்தவர், தனக்குச் சேரவேண்டிய கூலி வரும்வரை அந்தப் பொருளைப் பிடித்துவைத்துக்கொள்ளலாம். திருட்டுக்கான பிரிவு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 378, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 303. அதிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்தவர் கூலியை வைக்காமல், அந்தப் பிடிமானத்தைப் பறிக்கும் நோக்கத்தோடு தன் சொந்தக் கடிகாரத்தை எடுத்து வந்தால் அது திருட்டு. தண்டனை மூன்று ஆண்டுவரை. உங்கள் கணக்குப்படியே இன்னும் 50,000 பாக்கி இருக்கிறது. பிளை ஊதிவிட்டது என்பது அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்ல ஒரு காரணம், அவ்வளவுதான். ராத்திரியில் பூட்டு திறக்க அது உரிமை தராது.

நான் பார்த்த வழக்குகளில் இது இப்படித்தான் போகும். வண்டிக்காரர் ராத்திரி வண்டியை எடுப்பார். காலையில் பட்டறைக்காரர் புகார் கொடுப்பார், கூடவே உள்ளே இருந்த டூல்ஸும் காணோம் என்று சேர்ப்பார். அதுவரை 'சிவில்' என்று சொன்ன அதே ஸ்டேஷன் இப்போது எஃப்.ஐ.ஆர். போடும். வண்டியைப் பறிமுதல் செய்யும். திரும்பக் கேட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டால், முதலில் பார்ப்பது ஆர்.சி. யார் பேரில் என்று. பழைய ஓனர் வந்து நிற்கவேண்டும். கோர்ட் என்றதும் அவர் போனை எடுக்கமாட்டார். வண்டி ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்கும்.

விற்பனை செல்லாது என்று நான் சொல்லவில்லை. பணம் கொடுத்து வண்டியைக் கையில் வாங்கினால் விற்பனை விற்பனைதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்றால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளில், வாங்கியவர் 30 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவம் 29-உம் 30-உம் பீரோவில் இருந்து பயனில்லை.

அடுத்தது நுகர்வோர் வழக்கு. போடலாம். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் இருக்கிறது. மரைன் பிளை என்றால் இந்தியத் தர எண் ஐ.எஸ். 710, கமர்ஷியல் என்றால் ஐ.எஸ். 303. பலகையின் முகத்தில் முத்திரை இருக்கும். '710-தான் போடுறேன்' என்று அவர் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தால் உங்கள் கட்சி பலம். போனை மாற்றாதீர்கள், அந்தப் பதிவை அழிக்காதீர்கள், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழோடுதான் அதைத் தாக்கல் செய்யமுடியும்.

ஆனால் மனுவில் என்ன எழுதுவீர்கள்? சீட்டைக் கழற்றச் சொன்னேன், கூரையை அறுக்கச் சொன்னேன், அடுப்பு வைக்கச் சொன்னேன். வரிக்கு வரி உங்கள் ஒப்புதல் வாக்குமூலம். எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி: இந்த மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி எங்கே? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரமும் தயாரிப்பாளர் கொடுத்த விவரமும் முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. தயாரிப்பாளரின் வடிவத்துக்கு விரோதமான மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றமும் 2019-இல் ஜெயச்சந்திரா வழக்கில் சொன்னது. பிரிவு 182ஏ-யின்படி, மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 அபராதம், அல்லது இரண்டும். பிளை ஓரம் ஊதியதற்கு நஷ்டஈடு கேட்கப் போய் இதற்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பீர்கள். வாடகைக்கு விடும் யோசனையை யாரிடமாவது வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் இன்னும் மோசம். வணிக நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை என்பார்கள். சொந்தப் பிழைப்புக்காக வாடகைக்கு விடுகிறேன் என்று வாதாடலாம்தான், ஆனால் ஆசைக்கு வாங்கிய குடும்ப வண்டி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உள்ளே செய்த எல்லாமே குற்றம் என்று பயந்துவிடவேண்டாம். தரை மேட், ரெக்சின், ஃபோம், திரைச்சீலை, பக்கவாட்டில் பிளை பலகை, இவை வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதில்லை. சிக்கல் சீட் எண்ணிக்கையிலும் கூரையிலும்தான். கேம்பர் வேன் என்ற வகை அரசின் வாகனப் பட்டியலில் இருக்கிறது, மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரமும் இருக்கிறது. ஊர்ப் பட்டறையில் வாய்ப்பேச்சில் செய்த வேலை அந்தத் தரத்தில் தேறும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

அதனால் நேராகச் சொல்கிறேன், பேசி முடியுங்கள். அவர் கேட்பது 85,000. பேச்சுப்படி பாக்கி 50,000. 50,000 தர நான் தயார், பிளை மாற்றும் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று எழுத்தில் அனுப்புங்கள். நியாயமான தொகையைக் கொடுக்க முன்வந்த பிறகும் வண்டியைப் பிடித்துவைத்தால் அவர் பிடி தளரும். 40,000-க்கு முடிந்தால் சந்தோஷம், 50,000-க்கு முடிந்தாலும் வீண் இல்லை. வழக்குச் செலவு அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடும். ஒத்துவரவில்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுங்கள். அங்கே நோட்டீஸ் போனாலே பல பட்டறைக்காரர்கள் இறங்கி வருவார்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) கையெழுத்தானால் அது கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகவே. கொடுக்கும்போது எழுதி வாங்கவேண்டியது: என்ன வேலை, என்ன பொருள், மொத்தம் எவ்வளவு, இனி பாக்கி இல்லை. கூடவே இன்னொன்றைக் கேளுங்கள், கழற்றிய அந்த 12 சீட்டும் அதன் போல்ட்டுகளும். பட்டறையில் இன்றைக்கு உங்களுக்கு அதிக மதிப்புள்ள பொருள் அதுதான். பழைய இரும்புக்குப் போயிருந்தால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள். சீட்டைத் திரும்பப் பூட்டி, மேலே கழற்றிவைக்கக்கூடிய பலகைக் கட்டில் போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்கிறது. கூரைத் திறப்புக்கு ஆர்.டி.ஓ. என்ன சொல்கிறார் என்று கேட்டு, ஒத்துக்கொள்ளாவிட்டால் அடைத்துவிடுங்கள். மஞ்சள் போர்டைச் சொந்த வண்டியாக மாற்றும் வேலையும் இருக்கிறது, அது தனி. எல்லாவற்றுக்கும் முன்னால் பெயர் மாற்றம்.

கடைசியாக இன்சூரன்ஸ். வண்டி கைமாறினால் பாலிசி உங்களோடு வருவது மூன்றாம் நபர் பாதுகாப்புக்கு மட்டும். உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி 14 நாளில் கம்பெனியிடம் விண்ணப்பித்திருக்க வேண்டும். மாற்றாத பாலிசியில் சொந்தச் சேதத்துக்குப் பணம் கேட்க உங்களுக்கு வழியில்லை. பழைய ஓனருக்கோ வண்டியில் இனி எந்த நலனும் இல்லை, அவரும் கேட்கமுடியாது. அடுப்பு பக்கம் தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் எழுதும் முதல் வரியே கேஸ் சிலிண்டர் பற்றித்தான். தொப்பூர் இறக்கத்தில் யார் மீதாவது மோதினால் விபத்து இழப்பீட்டு டிரிப்யூனல் நோட்டீஸ் முதலில் பழைய ஓனருக்குப் போகும், அடுத்த நாள் அவர் உங்கள் வீட்டில் இருப்பார். ஆர்.சி.யும் பாலிசியும் உங்கள் பேருக்கு வரும்வரை வண்டியை ரோட்டில் ஓட்டவேண்டாம். பட்டறையிலிருந்து காரிமங்கலம் வரும் தூரத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.