தோற்ற பிறகும் தொடரும் பயணம்: கிளாக்ஸ்விக் சென்ற வழி

கேள்வி: ஜூலை மாதத்தில் நடக்கும் ஐரோப்பியக் கால்பந்துச் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுகளைச் சமீபகாலமாகப் பின்தொடர்கிறேன். ஒரு சுற்றில் தோற்ற அணி அடுத்த வாரமே வேறொரு போட்டியில் ஆடுகிறது. 2023-ல் ஃபாரோ தீவுகளின் கே.ஐ. கிளாக்ஸ்விக் இரண்டு முறை தோற்றும் குழு ஆட்டங்களுக்குள் நுழைந்தது. இது எப்படி? அடுத்து முன்னேறப்போகும் சிறிய அணியை அடையாளம் காண எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கிளாக்ஸ்விக் தோற்ற ஆட்டங்களை விட்டுவிட்டு, அதற்கு முன் அது வென்ற இரண்டு சுற்றுகளைப் பாருங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

சிறிய நாடுகளின் லீக் சாம்பியன்களுக்குத் தகுதிச் சுற்றில் தனிப் பாதை உண்டு. அந்தப் பாதையில் அவர்கள் மற்ற நாட்டுச் சாம்பியன்களை மட்டுமே சந்திப்பார்கள். இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ நான்காம் இடம் பிடித்த பணக்கார அணி குறுக்கே வராது. முதல் இரண்டு சுற்றுகளையும் வென்று மூன்றாம் சுற்றை எட்டிவிட்டால் ஆண்டு இறுதி வரை ஐரோப்பிய ஆட்டங்கள் உறுதி. மூன்றாம் சுற்றில் தோற்றால், சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலைப் போட்டியான ஐரோப்பா லீக்கின் கடைசித் தகுதிச் சுற்று கிடைக்கும். அதிலும் தோற்றால் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் பிரதான கட்டம், அதாவது 2023-ல் இருந்த குழு ஆட்டங்கள். 2021-ல் கான்ஃபரன்ஸ் லீக் தொடங்கிய பிறகுதான் இந்த மூன்றாவது படி வந்தது. 2024-ல் குழு முறை நீங்கி 36 அணிகள் கொண்ட ஒரே பட்டியல் வந்த பிறகும் இந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது.

கிளாக்ஸ்விக் நகரில் வசிப்பவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். மீன்பிடித் துறைமுக ஊர். ஃபாரோ தீவுகள் முழுவதிலும் சேர்த்தே சுமார் 54,000 பேர்தான். அணியின் ஆட்டக்காரர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். இவர்களுக்கு முதல் சுற்றில் வாய்த்த எதிரி ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஷ். அதற்கு முந்தைய பருவத்தில் மொனாக்கோவையும் பின்னுக்குத் தள்ளி ஐரோப்பா லீக் குழுவில் முதலிடம் பிடித்த அணி. ஊரில் கோலின்றி டிரா. பிறகு புடாபெஸ்டில் 3-0 வெற்றி. ஃபெரென்ஸ்வாரோஷ் தன் பயிற்சியாளர் செர்செசோவை உடனே நீக்கியது. அடுத்த சுற்றில் ஸ்வீடன் சாம்பியன் ஹேக்கனுடன் ஊரில் 0-0, வெளியூரில் 3-3, பெனால்டியில் 4-3 வெற்றி. அந்தக் கடைசிப் பெனால்டியோடு குழு ஆட்டம் உறுதியாகிவிட்டது. எந்த ஃபாரோ அணியும் அதற்கு முன் அந்த இடத்தை எட்டியதில்லை.

அதன்பின் வந்த தோல்விகளும் கௌரவமானவை. மூன்றாம் சுற்றில் நார்வேயின் மோல்டேயை ஊரில் 2-1 என்று வென்று, மறு ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில்தான் வீழ்ந்தார்கள். அடுத்து ஐரோப்பா லீக்கின் கடைசித் தகுதிச் சுற்றில் ஷெரிஃப் அணியிடம் இரு ஆட்டங்களிலும் சேர்த்து ஒரே ஒரு கோல் வித்தியாசம்.

எதைக் கவனிப்பது என்று கேட்டீர்கள். நான் முதலில் பார்ப்பது நாட்காட்டியை. ஃபாரோவில் லீக் மார்ச்சில் தொடங்கி அக்டோபருடன் முடிகிறது. ஜூலையில் வீரர்களின் உடலும் கூட்டு ஆட்டமும் உச்சத்தில் இருக்கும். ஹங்கேரி அணியோ அப்போதுதான் விடுமுறை முடிந்து வந்திருந்தது. இதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது, ஹேக்கனும் மோல்டேயும்கூடக் கோடைக்கால லீக்கில் ஆடுபவைதான். ஆனாலும் குழு முடிவுகளைப் பாருங்கள்: அக்டோபரில் பிரான்ஸின் லீலுடன் 0-0, ஸ்லோவேனியாவின் ஒலிம்பியா லியுப்லியானாவுக்கு எதிராக 3-0 வெற்றி. உள்ளூர் லீக் முடிந்த பின் நவம்பர், டிசம்பரில் ஆடிய மூன்றிலும் தோல்வி. சிறிய அணிக்கு ஆட்டப் பழக்கம் விட்டுப்போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது பணத்தின் ஊற்று. மால்டோவா லீக்கில் ஆடும் ஷெரிஃப் 2021-ல் ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 2-1 என வென்றது. அதன் பின்னால் ஒரு பெரும் வணிக நிறுவனம் நிற்கிறது. கிளாக்ஸ்விக்கை அதனுடன் ஒப்பிடுவது நியாயமில்லை. கான்ஃபரன்ஸ் லீக் குழுவில் நுழைந்ததற்கே அந்தப் பருவத்தில் ஓர் அணிக்கு 29.4 லட்சம் யூரோ கிடைத்தது. 5,000 பேர் கொண்ட ஊருக்கு அது மலைக்க வைக்கும் தொகை. உள்ளூர் லீக்கை இது நசுக்கிவிடுமோ என்று நான் உண்மையிலேயே அஞ்சினேன். 2024-ல் பட்டம் விக்கிங்குர் அணிக்குப் போனதில் எனக்கு நிம்மதி.

நுழைவதும் நின்று ஆடுவதும் வேறு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஜிப்ரால்டரின் லிங்கன் ரெட் இம்ப்ஸ் 2021-ல் ருமேனியாவின் குளூஜிடமும் ஸ்லோவாக்கியாவின் ஸ்லோவான் பிராட்டிஸ்லாவாவிடமும் தோற்று, கடைசி வாய்ப்பில் லாட்வியாவின் ரீகா அணியை வென்று கான்ஃபரன்ஸ் லீக் குழுவுக்குள் வந்தது. அங்கே ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. கிளாக்ஸ்விக் நான்கு புள்ளிகள் எடுத்தது. அதனால்தான் அதன் சாதனையை நான் ஒரு படி மேலே வைக்கிறேன்.

யார் யாருடன் மோதுவது என்று முடிவு செய்யும் குலுக்கலில் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் இரண்டு சுற்றுகளுக்கான குலுக்கல்கள் ஜூன் நடுவில் அடுத்தடுத்து முடிந்துவிடும். அதாவது முதல் சுற்று ஆடப்படும் முன்பே, அதில் வென்றால் இரண்டாம் சுற்றில் எந்த அணியை அல்லது எந்த இணையின் வெற்றியாளரைச் சந்திப்போம் என்பது தெரியும். இரண்டாம் சுற்றுக் குலுக்கலில், முதல் சுற்றில் மோதும் ஒவ்வொரு இணையிலும் தரவரிசையில் உயர்ந்த அணியின் இடமே கணக்கில் எடுக்கப்படும். எனவே பலமான அணியை வீழ்த்தும் சிறிய அணி அதன் வசதியான இடத்தையும் பெற்றுக்கொள்கிறது. ஜூனில் பட்டியல் வெளியானதும், கோடைக்கால லீக்கில் ஆடும் சாம்பியன் ஒன்று இன்னும் பருவம் தொடங்காத பெரிய அணியுடன் முதல் சுற்றில் மோதுகிறதா என்று தேடுங்கள். முதல் ஆட்டம் சிறிய அணியின் ஊரில் நடந்து, அங்கே அது கோல் வாங்காமல் தப்பினால், மறு ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள்.