அட்டை போகிறது, அம்மா போகவில்லை

கேள்வி: மலேசியாவின் பினாங்கில் வசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேரங்காடிக்குப் போனால் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. கழிப்பறைக்குக் காசு வாங்குகிறார்கள், உள்ளே சோப்பு இல்லை. மின்தூக்கியில் எப்போதும் கூட்டம். போன வாரம் உடற்பேறு குறைந்தோருக்கான இடத்தில் காரை நிறுத்தினேன். பக்கவாதம் வந்த என் அம்மாவுக்கு ஓகேயூ அட்டை, அதாவது உடற்பேறு குறைந்தோர் அட்டை உண்டு, காரில் ஸ்டிக்கரும் உண்டு. ஆனாலும் அன்று அம்மா உடன் இல்லை என்று பாதுகாவலர் சக்கரத்தைப் பூட்டிவிட்டார். தீபாவளிக்குப் பிறகு அம்மா அங்கு வருவதே இல்லை. கழிப்பறைக்குத் தொல்லை என்று அவரே சொல்லிவிட்டார். பிள்ளைகள் முன்னால் 50 வெள்ளி (ரிங்கிட்) கட்டி அவமானப்பட்டேன். யாரிடம் புகார் செய்வது?

பதில்: தம்பி, அந்தப் பாதுகாவலர் செய்தது சரி. சமூக நல இலாகா அந்த அட்டையை உங்கள் அம்மாவின் பெயரில் கொடுத்திருக்கிறது. அந்த இடம் மற்ற இடங்களைவிட அகலமாக இருப்பது, கதவை முழுதாகத் திறந்து பக்கத்தில் சக்கர நாற்காலியைப் போட வேண்டும் என்பதற்காக. நீங்கள் காரை விட்டுப் போன நேரத்தில் இன்னொரு மகன் தன் தாயைக் காரில் வைத்துக்கொண்டு இடம் தேடிச் சுற்றியிருக்கலாம். சோப்பைப் பற்றி அங்கேயே தகவல் முகப்பில் சொல்லுங்கள். கூட்டத்தைப் பற்றி எனக்கு எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

என்னை உறுத்துவது போகிற போக்கில் நீங்கள் எழுதிய வரி. ‘கழிப்பறைக்குத் தொல்லை என்று அவரே சொல்லிவிட்டார்.’ என்ன தொல்லை என்று கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்குப் பல வந்திருக்கின்றன, அந்தத் தொல்லை என்னவென்று எனக்குத் தெரியும். சக்கர நாற்காலிக்கென்று கட்டிய கழிப்பறை பூட்டிக் கிடக்கும். சாவி எங்கே என்று தேடி ஓட வேண்டும். திறந்தால் உள்ளே துடைப்பமும் வாளியும் அட்டைப் பெட்டிகளும் இருக்கும். அதற்குள் அவசரம் பொறுக்காது. அப்புறம் கைபிடித்துத் தூக்கி உட்கார வைக்க ஒருவர் வேண்டும். மகனை அழைக்கக் கூச்சம், மருமகளை அழைக்கத் தயக்கம். வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் தாய்மார்களை நான் அறிவேன். உங்கள் அம்மாவும் அப்படி இருந்து பார்த்து, முடியாமல், ‘நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள்’ என்று சொல்லியிருப்பார். நீங்களும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டீர்கள். ஏற்றுக்கொள்ள உங்களுக்கு வசதியாகவும் இருந்தது.

வேறு எங்கே போவார் அவர்? பினாங்கு வீதியில் புடவைக் கடைக்கு அழைத்துப் போக முடியுமா? ஐந்தடி நடைபாதையில் கடைக்குக் கடை ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும், நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும். சக்கர நாற்காலி தடையில்லாமல் உருளும் சமதரை இந்தத் தீவில் பெரும்பாலும் பேரங்காடிக்குள்தான் இருக்கிறது. நான்கு மனிதர் முகம் பார்க்க, பேரப்பிள்ளைகளோடு ஐஸ்கிரீம் சாப்பிட, அவருக்கு மிஞ்சியிருந்த இடம் அது. அதையும் இழந்து அவர் வீட்டில் இருக்கிறார். அவர் பெயரில் உள்ள சலுகை மட்டும் உங்களோடு கடைக்குப் போய்வருகிறது. பெற்றவளை வீட்டில் விட்டுவிட்டு அவள் நோயைக் காட்டி இடம் பிடிப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை, தம்பி. 50 வெள்ளி கட்டியதைப் பார்த்த உங்கள் பிள்ளைகள் இதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

புகார் செய்யத்தான் வேண்டும், ஆனால் பூட்டிய சக்கரத்துக்காக அல்ல, பூட்டிய கழிப்பறைக்காக. பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமான அதே 2008-ஆம் ஆண்டில் உடற்பேறு குறைந்தோர் சட்டமும் வந்தது. பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களையும் வசதிகளையும் பயன்படுத்தும் உரிமையை அது உங்கள் அம்மாவுக்குத் தருகிறது. மீறுவோருக்குத் தண்டனை எழுதாமல் விட்ட சட்டம் அது. ஆகவே குடும்பத்தார் வாய் திறந்தால்தான் கதவு திறக்கும். அங்காடி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், எந்தத் தளம், எத்தனை மணி என்று குறித்து, படம் எடுத்து இணையுங்கள். ஒரு நகலை மாநகர் மன்றத்துக்கு அனுப்புங்கள்.

அதற்கு அம்மா உங்களோடு வர வேண்டும். வருகிற ஞாயிறு, கடை திறந்த கையோடு, கூட்டம் சேரும் முன் அழைத்துப் போங்கள். முதலில் கழிப்பறையைப் போய்ப் பார்த்து, சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு அவரைக் காரிலிருந்து இறக்குங்கள். கிளம்பும் முன் ஒரு குவளை தண்ணீர் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.