வாசகர் கேள்வி பதில்: சிறைக்குள்ள இருந்த ஃபாதர்கள்

கேள்வி: விசுவாசத்துக்காக ஜெயிலுக்குப் போன ஃபாதர்களைப் பத்தி படிச்சா எல்லாருமே அசையாத பாறை மாதிரி தெரியுறாங்க. எனக்கு ஒரு கஷ்டம் வந்தா ஜெபமே வாயில வர மாட்டேங்குது. என் விசுவாசம் பொய்யா?

பதில்: பாறைன்னு பேர் வாங்குன பேதுருவே ஒரு வேலைக்காரப் பொண்ணு கேட்ட கேள்விக்கு பயந்துபோய் "அவரை எனக்குத் தெரியாது"ன்னு சொன்னவர்தாங்க, அதனால முதல்ல மனச விடாதீங்க.

வால்டர் சிஸெக்னு ஒரு அமெரிக்க ஃபாதர், இயேசு சபைக்காரர். 1940ல பேரை மாத்திக்கிட்டு கூலி வேலைக்குப் போறவங்களோட சேர்ந்து சோவியத் நாட்டுக்குள்ள போனாரு, அங்க குருக்களே இல்லாம இருக்குற ஜனங்களுக்கு பூசை வைக்கணும்னு. அடுத்த வருஷமே வத்திக்கான் உளவாளின்னு பிடிச்சு மாஸ்கோவுல லுபியாங்கா ஜெயில்ல போட்டுட்டாங்க. அங்க சுமார் 5 வருஷம், பெரும்பாலும் தனி ரூம்ல. ஒரு நாள் விசாரணை அதிகாரி உளவு பாத்தேன்னு ஒப்புக்குற வாக்குமூலத்தைக் கட்டுக் கட்டா முன்னாடி வெச்சு, கையெழுத்து போடு இல்ல சுட்டுடுவோம்னு சொல்ல, இவர் போட்டுட்டாரு. ஒவ்வொரு பக்கமா, எல்லாப் பக்கத்துலயும். ரூமுக்குத் திரும்பி வந்து வெக்கத்துல ஒடுங்கிப் போயிட்டாரு. இத வேற யாரோ கண்டுபிடிச்சு எழுதல, வெளிய வந்தப்புறம் அவரே எழுதினது. அங்கதான் எனக்கு அவர் மேல மரியாதையே வந்துச்சு.

யோசிச்சுப் பாத்தப்ப அவருக்கு என்ன புரிஞ்சுதுன்னா, இத்தன நாளும் தான் கேட்டது கடவுளோட சித்தத்த இல்ல, தன்னோட தைரியத்துக்கு ஒரு முட்டுக்கொடுத்தல மட்டும்தான். அதோட முடியல. அப்புறம் எங்களுக்காக வேலை பாக்குறேன்னு ஒப்பந்தம் போடுன்னு அதிகாரிங்க நெருக்குனாங்க, அப்ப ஒரு நிமிஷம் நம்பிக்கையே மொத்தமா இருண்டு போச்சு. அந்த இருட்டுலதான் கெத்சமனி தோட்டத்துல இயேசு ரத்த வேர்வை சிந்தி ஜெபிச்சது ஞாபகம் வந்து, "இனி உம்ம இஷ்டம்"னு விட்டுட்டாரு. அதுக்கப்புறம் பயம் போயிடுச்சு, அந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போட முடியாதுன்னு சொல்லிட்டாரு.

15 வருஷ கடுங்காவல்ல சைபீரியா, நோரில்ஸ்க் முகாம். அங்க ஒளிஞ்சு பூசை வெச்சாரு. நன்மை (நற்கருணை) வாங்குறதுக்காக முந்தின நாள் ராத்திரிலேர்ந்து எதுவும் சாப்பிடாம, அந்தக் குளிர்ல உடம்பு முறிய வேலை செஞ்சிட்டு வந்து நின்ன கைதிங்களப் பத்தி எழுதியிருக்காரு. அவர் சபையே அவரை 1947ல செத்தவங்க லிஸ்ட்ல சேத்துடுச்சு, ஊர் திரும்புனது 1963ல. ஜெபம் வரலன்னு கேக்குறீங்கள்ல, "வரல"ன்னு கடவுள்கிட்டயே சொல்லுங்க, அது ஜெபம் இல்லன்னு யார் சொன்னது?

கேள்வி: பெரிய குற்றம் செஞ்சு ஜெயிலுக்குப் போன ஃபாதர்களும் இருக்காங்களே. அவங்களுக்கும் மீட்பு உண்டா?

பதில்: உண்டு. ஆனா மலிவா இல்ல. மனஸ்தாபம் (செஞ்ச பாவத்துக்கு மனசார வருந்துறது), பாவசங்கீர்த்தனம் (குருகிட்ட பாவத்தைச் சொல்றது), பரிகாரம் மூணும் வேணும்னு திருச்சபையே சொல்லுது. பாவமன்னிப்பு கிடைச்சா கோர்ட் தண்டனை ரத்தாகாது, ஆகவும் கூடாது, குருத்துவப் பணியிலேர்ந்து நிரந்தரமா விலக்கவும் செய்யலாம். பாதிக்கப்பட்டவங்ககிட்ட போய் மன்னிச்சிடுங்கன்னு யாரும் நெருக்குறதுக்கு உரிமை இல்லங்க, இதுல எனக்கு ரெண்டாவது எண்ணமே கிடையாது.

கேள்வி: கோயிலும் இல்ல, ஜனமும் இல்ல. ஜெயில்ல ஒரு ஃபாதர் என்னதான் செய்ய முடியும்?

பதில்: இதே கேள்வி வியட்நாம் பேராயர் வான் துவானையும் அறுத்துச்சு. 1975 ஆகஸ்ட் 15ல கைது, விசாரணையே இல்லாம 13 வருஷம், அதுல 9 வருஷம் தனிமை. என் ஜனங்களுக்கு செய்ய வேண்டிய வேலையெல்லாம் போச்சேன்னு துடிச்சவருக்கு, கடவுள் வேற, கடவுளுக்காக நாம செய்யுற வேலை வேறன்னு ஒரு ராத்திரி உறைச்சுது. வயித்து வலிக்கு மருந்து வேணும்னு வீட்டுக்கு எழுதுனாரு, அவங்களும் புரிஞ்சுக்கிட்டு பாட்டில்ல வயித்து மருந்துன்னு எழுதி திராட்சை ரசம் அனுப்புனாங்க, அப்பத்த டார்ச் லைட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சாங்க. உள்ளங்கையில மூணு சொட்டு ரசம், ஒரு சொட்டு தண்ணி, அதுதான் பூசை. முகாம்ல ராத்திரி விளக்கு அணைஞ்சதும் குனிஞ்சு உக்காந்து மனப்பாடமா பூசை சொல்லி, கொசுவலைக்கு அடியில கைய நீட்டி பக்கத்துல இருந்தவங்களுக்கு நன்மை கொடுத்தாரு. சிகரெட் பாக்கெட் பேப்பர்ல சின்னப் பை செஞ்சு நற்கருணைய பாக்கெட்லயே வெச்சிருந்தாங்க. கழுத்துல போட்ட மரச்சிலுவைக்கு கரண்ட் ஒயர்தான் சங்கிலி, அந்த ஒயரைக் கொடுத்தது காவலாளி.

சில சமயம் குரு செய்யுறதுக்கு எதுவுமே மிஞ்சாது, வாங்கிக்கத்தான் முடியும். பழங்குடி மக்களுக்காக வேலை செஞ்ச இயேசு சபை குரு ஃபாதர் ஸ்டான் சுவாமிய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துல 2020 அக்டோபர் 8ல கைது பண்றப்ப வயசு 83, பார்கின்சன் நோய், டம்ளரை கையில பிடிக்க முடியாம உறிஞ்சுகுழல் கேட்டு கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்துச்சு. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படாமலே 2021 ஜூலை 5ல காவல்லயே இறந்துட்டாரு. மும்பை பக்கத்துல இருக்குற தலோஜா ஜெயில்லேர்ந்து எழுதுன லெட்டர்ல அவர் சொன்னது தன் வேதனைய இல்ல, தனக்கு சாப்பாடு ஊட்டி, துணி துவைச்சு, மூட்டு வலிக்கு தேய்ச்சு விட்ட கூட இருந்த கைதிங்களத்தான். அவங்க ரொம்ப ஏழைக் குடும்பத்துலேர்ந்து வந்தவங்க, அவங்களுக்காக ஜெபிங்கன்னு கேட்டிருந்தாரு.